குளிர்நாட்டுச் சிறுகாரும் குடாநாட்டு வாழ்வும்

ஒரு சமூகம் எதனைப் புதிதாக வாங்கியது என்பதை வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். அச்சமூகம் எதனைப் பழையதாக வாங்கிற்று, வாங்கியதை எத்தனை காலம், எவ்வாறு பேணிற்று என்னும் வினா அத்துணை கவனத்தைப் பெற்றதில்லை. புதுப்பொருள் துறைமுகத்தில் இறங்கும்போது சுங்கப் பேரேட்டில் ஒருமுறை பதிவாகின்றது. அதன் பின்னர் அது கைமாறிக் கைமாறிச் செல்லும் நீண்ட வாழ்வு வீட்டு முற்றங்களிலும் கராஜ்களிலும் வாய்மொழிப் பேரங்களிலும் கழிந்துபோகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிய பிரித்தானியச் சிறுகார்கள் இத்தகைய பொருள்களுள் முதன்மையானவை.

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே செல்லும் பலாலி வீதியில், நல்லூருக்கு அண்மையில் அமைந்த ஊர் திருநெல்வேலி. பேச்சுவழக்கில் அது தின்னவேலி. செம்மண் தோட்டங்களும் பெருஞ்சந்தையும் விவசாய ஆராய்ச்சி நிலையமும் கொண்ட இவ்வூரிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். அக்கல்லூரி வளவிலேயே 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தோன்றியது; 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தோட்டக்காரரும் வணிகரும் ஆசிரியரும் வைத்தியரும் ஒரே வீதியைப் பயன்படுத்தும் இத்தகைய ஊரில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், ஹில்மன் முதலிய கார்கள் தலைமுறை கடந்து ஓடின. இவற்றிற் சில இன்றும் ஓடுகின்றன.

இந்நீடிப்புக்கு வழக்கமாகக் கூறப்படும் காரணங்கள் இரண்டு. யாழ்ப்பாணத்தவரின் சிக்கனம் என்பது ஒன்று. பழைமைப் பற்று என்பது மற்றொன்று. இரண்டும் ஒரு மக்கட் கூட்டத்தின் இயல்பைக் காட்டி விளக்கம் தருபவை. ஆனால் அக்கார்களின் வரலாற்றை அவை பிறந்த இடத்திலிருந்து தொடர்ந்து நோக்கின், இயல்பைவிட நிலைமைகளே கூடுதலாகப் பேசுகின்றன. மூன்று பற்றாக்குறைகள் இவ்வரலாற்றில் ஒன்றையொன்று தொடர்கின்றன: போர்க்காலப் பிரித்தானியாவின் எரிபொருட் பற்றாக்குறை, சுதந்திர இலங்கையின் அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை, முற்றுகைக்குட்பட்ட குடாநாட்டின் பற்றாக்குறை. முதலாவது பற்றாக்குறை உருவாக்கிய இயந்திரமே மூன்றாவது பற்றாக்குறையைத் தாங்கிற்று என்பதே இங்கு நிறுவப்படவேண்டியது.

பிறந்த நாடும் காலமும்

மொறிஸ் மைனர் 1948 ஒக்ரோபரில் இலண்டன் ஏள்ஸ் கோட் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. அலெக் இசிகோனிஸ் என்பவர் அதனை வடிவமைத்தார். தொடக்கத்தில் அது 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சினைக் கொண்டிருந்தது. ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய இரு நிறுவனங்களும் 1952இல் இணைந்தபின் 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், 1956இல் 948, 1962இல் 1098 என்ற அளவுகளும் வந்தன. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழ 16 இலட்சம் மொறிஸ் மைனர்கள் செய்யப்பட்டன. அதன் காலத்துத் துணையான ஒஸ்ரின் ஏ-40 டெவன் 1947இலும், அதன் வழிவந்த சொமர்செற் 1952இலும் வெளிவந்தன. இவ்விரண்டும் 1200 கன சென்ரிமீற்றர் எஞ்சினைக் கொண்டவை.

இக்கார்களின் சிறுமைக்கும் எளிமைக்கும் காரணங்கள் உண்டு. பிரித்தானியாவில் 1947 வரை மோட்டார் வரி, எஞ்சின் உருளையின் விட்டத்தை அடிப்படையாகக் கொண்டே கணிக்கப்பட்டது. விட்டம் குறைந்தால் வரியும் குறையும். ஆகவே ஒடுங்கிய சிறு எஞ்சின்களே பொதுமக்களுக்கென ஆக்கப்பட்டன. அதனினும் முக்கியமானது எரிபொருளின் தரம். 1939 செப்ரெம்பரில் உலகப்போர் மூண்டதும் பிரித்தானிய அரசு எண்ணெய்க் கம்பனிகளின் வணிகப் பெயர்களை நீக்கி, தரங்குறைந்த பொதுப் பெற்றோல் ஒன்றையே விற்கச் செய்தது. இந்நிலை போர் முடிந்த பின்னரும் நீடித்து 1953 தொடக்கத்திலேயே முடிவுற்றது. தரங்குறைந்த பெற்றோலைப் பெரிதும் நெருக்கினால், பொறி பாயுமுன்னரே அல்லது பொறி பாய்ந்ததும் ஒழுங்கின்றி அது வெடித்து எஞ்சினை அடித்து நொறுக்கும். ஆகவே அக்கால எஞ்சின்களின் நெருக்கல் விகிதம், அதாவது எரிபொருட் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற அளவு, ஏழை ஒட்டியே அமைந்தது. தொடக்ககால மொறிஸ் மைனரில் அது ஏழுக்கும் குறைவு. பிற்காலப் பெற்றோல் எஞ்சின்களில் ஒன்பது, பத்து என்ற அளவுகள் சாதாரணமாயின.

மூன்றாவது காரணம் காலநிலை. குளிர்காலக் காலையில் எஞ்சின் எண்ணெய் தடித்துவிடும். மின்கலத்தின் வலு குன்றும். பெற்றோல் எளிதில் ஆவியாகாது. எனவே பெற்றோற் கலவையைச் செறிவாக்கும் 'சோக்' இழுப்பும், மின்கலம் கைவிட்டால் கையாற் சுழற்றி எஞ்சினை இயக்கும் இரும்புக் கைபிடியும் இக்கார்களுடன் வந்தன. காருக்குள் வெப்பமூட்டும் கருவி மேலதிகப் பணத்துக்கே பொருத்தப்பட்டது; கைபிடியோ காருடனேயே வந்தது. குளிரில் வேலைக்குப் புறப்படும் ஒரு சாதாரண ஆங்கிலேயனின் தேவையை முன்னிட்டுச் செய்யப்பட்ட இவ்வேற்பாடுகள், வெயில் தகிக்கும் ஒரு குடாநாட்டிற்கு எதற்கு என்ற வினாவுக்கு விடை நாற்பது ஆண்டுகள் கழித்தே கிடைத்தது.

குடாநாட்டை அடைந்தமை

போருக்குப் பிந்திய பிரித்தானியா கடன்சுமையால் ஏற்றுமதியை நம்பியிருந்தது. கார் உற்பத்தியாளருக்கு உருக்குப் பங்கிடப்பட்டபோது அவர்கள் தம் உற்பத்தியின் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்யவேண்டுமென வற்புறுத்தப்பட்டது. 1950இல் உலகிலேயே மிகக் கூடிய தொகைக் கார்களை ஏற்றுமதி செய்த நாடு பிரித்தானியாவே. 1948இல் சுதந்திரம் பெற்ற இலங்கை ஸ்ரேர்லிங் வலயத்தில் இருந்தமையால் பிரித்தானியப் பொருள்களை இறக்குமதி செய்வது எளிதாயிற்று. 1950இல் தொடங்கிய கொரியப் போர் றப்பர் விலையை உயர்த்தி நாட்டின் செலாவணி இருப்பையும் பெருக்கியது. இவ்வாறு கொழும்பில் இறங்கிய கார்களில் ஒரு பங்கு வடக்கே வந்தது.

குடாநாட்டில் அவற்றை முதலில் வாங்கியோர் யார் என்பது சமூகவியல் நோக்கிற் கவனிக்கத்தக்கது. நிலவுடைமையை மட்டும் நம்பிய சமூகமன்று யாழ்ப்பாணச் சமூகம். அரச சேவைச் சம்பளம், மலாயாவிற் புகையிரதத் திணைக்களத்திலும் எழுதுவினைஞர் சேவையிலும் பணியாற்றி மீண்டோரின் ஓய்வூதியம், புகையிலை வணிகம், வைத்தியத் தொழில், சட்டத் தொழில் என்பனவே அதன் பணவரவுக்கு ஊற்றுகள். கார் அவ்வருவாயின் கண்கூடான அடையாளமாயிற்று. ஆயினும் அது அடையாளமாக மட்டும் நின்றுவிடவில்லை. முதலுடைமையாளன் விற்றபின் அதே கார் வாடகைக் காராகி, யாழ்ப்பாண நகரிலும் சந்திகளிலும் 'ஹயருக்கு' நின்றது. மணமக்களை ஏற்றியதும், பிரசவ வேதனைப்பட்டோரை ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்றதும், புகையிரத நிலையத்திலிருந்து கொழும்பு உத்தியோகத்தரை வீட்டிற் சேர்த்ததும் அக்கார்களே.

காரின் இலக்கத் தகட்டிலும் நாட்டின் வரலாறு பதிந்துள்ளது. 1950களின் நடுப்பகுதி வரை ஈ.என்., ஈ.எல்., ஈ.வை. முதலான ஆங்கில எழுத்துகளே பதிவிலக்கங்களிற் பயன்பட்டன. 1957 தொடக்கம் புதிதாகப் பதிவான வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து விதிக்கப்பட்டது. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த இவ்விதியைத் தமிழரசுக் கட்சி எதிர்த்தது. 1958இல் அவ்வெதிர்ப்பு இயக்கமாக வலுத்து, சிங்கள எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்து எழுதப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரலில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் மூண்டது. ஆங்கில எழுத்துள்ள ஒரு பழைய ஒஸ்ரின், அக்கலவரத்துக்கு முந்திய நாட்டின் சான்று. 'ஸ்ரீ' தாங்கிய ஒரு மொறிஸ் மைனர் அதற்குப் பிந்தியதன் சான்று. இரண்டும் ஒரே வீதியில் ஓடின.

பழைய காரின் சந்தை

1960களின் தொடக்கத்தில் செலாவணி இருப்புக் கரைந்தது. தேயிலை, றப்பர் விலைகள் தளர, அரசு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தனியார் பாவனைக்கான புதுக்கார் பெரும்பாலார்க்கு எட்டாக்கனியாயிற்று. 1970 முதல் 1977 வரை ஆட்சிபுரிந்த ஐக்கிய முன்னணி அரசின் காலத்தில் கட்டுப்பாடு மேலும் இறுகியது. இதனால் நேர்ந்த ஒரு முரண்பாடு திருநெல்வேலி போன்ற ஊர்களிலேயே தெளிவாகத் தோன்றியது. வெங்காயம், மிளகாய் என்பவற்றின் இறக்குமதியும் இக்கொள்கையால் தடுக்கப்பட்டமையின் செம்மண் தோட்டக்காரனின் விளைச்சலுக்கு முன்னில்லாத விலை கிடைத்தது. தோட்டக்காரனைச் செழிக்கச் செய்த அதே கொள்கைதான் அவன் வாங்க விரும்பக்கூடிய புதுக்காரை நாட்டுக்குள் வரவொட்டாது தடுத்தது. கையிற் பணம் இருந்தது. வாங்கப் புதுக்கார் இல்லை. ஆகவே பழைய கார் ஆண்டுக்காண்டு விலை குறையும் பொருள் என்னும் பொருளியல் விதி இங்கு செல்லாதாயிற்று. அது நிலம்போலவும் நகைபோலவும் மதிப்பைக் காக்கும் சொத்தாக மாறிற்று.

இச்சூழலில் பழைய காரை வாங்குதல் ஒரு தனிக்கலையாக வளர்ந்தது. வாங்குபவன் தனியே போவதில்லை. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரையும் அழைத்துச் செல்வான். பதிவுப் புத்தகத்தில் எத்தனை உடைமையாளர் பெயர் உள்ளது, அதிலுள்ள எஞ்சின் இலக்கமும் சசி இலக்கமும் வண்டியில் உள்ளவற்றுடன் ஒத்துள்ளனவா என்பன முதலிற் பார்க்கப்படும். பின்னர் முன்னே கைபிடியைச் செருகி எஞ்சினை மெல்லச் சுழற்றுவர். நான்கு உருளைகளும் ஒரே வலுவுடன் கையை எதிர்த்தால் பிஸ்டன் வளையங்களும் வால்வுகளும் நன்னிலையில் உள்ளன. ஒன்று தளர்ந்தால் செலவு காத்திருக்கிறது. இயக்கியபின் புகை நீலமாக வந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கின்றது. மொறிஸ் மைனராயின் முன்சக்கரத்தைத் தாங்கும் மூட்டினை ஆட்டிப் பார்ப்பது இன்றியமையாதது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அம்மூட்டுக்குக் கிறீஸ் ஊட்டத் தவறியிருந்தால் அது தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் சரிந்துவிடும். ஒஸ்ரின் ஏ-40க்குத் தனிச் சசி உண்டு. உடல் நைந்தாலும் அடித்தளம் நிற்கும். மொறிஸ் மைனருக்கு உடலே அடித்தளம். அது துருப்பிடித்தால் முழு வண்டியும் வலுவிழக்கும். உப்பிட்ட குளிர்காலத் தெருக்களில் இங்கிலாந்து மைனர்கள் துருவேறி அழிந்தன. உறைபனியும் தெருவுப்பும் அறியாத செம்மண் ஊர்களில் உடல் நீண்டகாலம் தாங்கிற்று. தேய்ந்தவை இயங்கும் உறுப்புகளே.

தேய்ந்த உறுப்புக்கு மாற்றீடு கிடைக்காதபோது உள்ளூர் வேலைத்தலங்கள் அவ்விடத்தை நிரப்பின. உருளையை மீளக் கடைந்து பெரிய பிஸ்டனை இடுதல், உருளைக்குள் உறை போடுதல், லேத் இயந்திரத்திற் புதிய தண்டு கடைதல், உடைந்ததை உருக்கி ஒட்டுதல் ஆகியவை அன்றாட வேலைகளாயின. 1952இன் இணைப்பால் ஒரே வகை எஞ்சின் பல கார்களில் இடம்பெற்றமை இங்கு உதவியது. மொறிஸ் மைனரின் எஞ்சினும் ஒஸ்ரின் ஏ-35, மினி என்பவற்றின் எஞ்சினும் ஒரே குடும்பம். கேம்பிரிட்ஜும் ஒக்ஸ்போட்டும் அவ்வாறே. ஒரு கார் இறந்தால் மூன்று கார் வாழும்.

உலகின் வேறிடங்களிலும் இதனையொத்த நிலை உண்டு. 1959 புரட்சிக்குப் பின் அமெரிக்க வர்த்தகத் தடைக்குள்ளான கியூபாவில் 1950களின் அமெரிக்கக் கார்கள் நிலைத்தன. இந்தியாவில் மொறிஸ் ஒக்ஸ்போட்டின் வழிவந்த அம்பாசடர் 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. இந்தியாவில் பழைய வடிவம் உற்பத்தியால் வாழ்ந்தது. குடாநாட்டில் அது திருத்தத்தால் மட்டுமே வாழ்ந்தது. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் பழைமைப் பற்று என்ற ஒரு சொல்லில் அடக்குதல் பொருந்தாது.

முற்றுகைக் காலம்

1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததும் யப்பானியக் கார்களும் மீள்செப்பனிட்ட வாகனங்களும் பெருகின. தென்னிலங்கையில் பிரித்தானியக் கார் படிப்படியாகப் பின்வாங்கியது. வடக்கிலும் அம்மாற்றம் தொடங்கியதெனினும் போர் அதனை இடைமறித்தது. 1987 ஜனவரியில் குடாநாட்டுக்கு எரிபொருட்டடை விதிக்கப்பட்டது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் நிலை மிகக் கொடியதாயிற்று. யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை நின்றது, மின்சாரம் துண்டிக்கப்பட்டது, பெற்றோல், டீசல், மின்கலம், வாகன உதிரிப்பாகம், சீமெந்து, உரம் முதலியன தடைப்பட்டன. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்பட்ட அளவில் வந்தது.

பெற்றோல் உறைநிலைக்குக் கீழ் நாற்பது பாகை வரையிற்கூடத் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரவல்லது. மண்ணெண்ணெய் அவ்வாறு ஆவியாவதற்கு ஏறக்குறைய 38 பாகை சென்ரிகிறேட் வெப்பமேனும் வேண்டும். யாழ்ப்பாணக் காலைப்பொழுதின் வெப்பம் அதனினும் குறைவு. எனவே மண்ணெண்ணெயைப் பொறுத்தவரை யாழ்ப்பாணமும் ஒரு குளிர்நாடே. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயால் இயங்காது. சிறிது பெற்றோலை இட்டு முதலில் இயக்கி, எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். கிடைத்தற்கரிய பெற்றோல் சொட்டுச் சொட்டாக எண்ணிச் செலவிடப்பட்டது இதற்காகவே.

இம்முறை குடாநாட்டுக்குப் புதியதன்று. 1950களிலிருந்து துலாவின் இடத்தைப் பிடித்த நீரிறைக்கும் இயந்திரங்களிற் பல பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவையே. அக்காலப் பிரித்தானிய உழவு இயந்திரங்களும் இவ்வாறே இயங்கின. திருநெல்வேலித் தோட்டக்காரன் கிணற்றடியில் ஒவ்வொரு காலையும் செய்துவந்ததை, முற்றுகைக் காலத்துச் சாரதி வீதியிற் செய்தான். தோட்டத்தில் விளைந்த அறிவு தெருவுக்கு வந்தது.

எனினும் எல்லா எஞ்சினும் மண்ணெண்ணெயை ஏற்பதில்லை. மண்ணெண்ணெய் தரங்குறைந்த பெற்றோலினும் எளிதில் ஒழுங்கின்றி வெடிப்பது. நெருக்கல் கூடிய புதிய எஞ்சினை அது விரைவில் அழித்துவிடும். போர்க்காலப் பொதுப் பெற்றோலுக்கென நெருக்கல் குறைத்துச் செய்யப்பட்ட பழைய எஞ்சினே அதனை ஓரளவு தாங்கவல்லது. 1940களில் இலண்டன் மாநகரின் எரிபொருட் பங்கீட்டை மனங்கொண்டு பொறியியலாளர் எடுத்த முடிவு, 1990களில் வலிகாமத்து நோயாளி ஒருவர் ஆசுபத்திரியை அடைய உதவிற்று. குளிர்காலக் காலைக்கென வந்த இரும்புக் கைபிடி, மின்கலம் தடைசெய்யப்பட்ட நாட்டில் மின்கலத்தின் வேலையைச் செய்தது. ஒரு பஞ்சத்தின் பிள்ளை மற்றொரு பஞ்சத்துக்குத் துணையாயிற்று.

இதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. ஆவியாகாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். தாங்கிகள் விரைந்து தேயும். பிளக்கில் கரி படியும். கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் புகை பயணியைச் சூழும். இதனைப் புத்திக்கூர்மையின் வெற்றி என்று மட்டும் புகழ்வோர், அப்புத்திக்கூர்மை வற்புறுத்தப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது. மருந்து தேடி ஓடியவனுக்கு அது விளையாட்டன்று.

அக்காலத்து மற்றொரு செய்தி இங்கு குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தில் மொறிஸ் மைனர்களைப் பேணிவந்த சாள்ஸ் வெயர் என்பவரின் முயற்சியால் 1990களில் தென்னிலங்கையில் மைனர் உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. துருவேறிய ஆங்கிலக் கார்களுக்கு இத்தீவிலிருந்து உறுப்புகள் கடல்கடந்து சென்ற அதே ஆண்டுகளில், அதே தீவின் வடமுனையில் ஓடிய மைனருக்கு அவ்வுறுப்பு கிட்டவில்லை. தூரத்தை அளப்பது மைல் அல்ல, அரசியல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, பெரும்பாலோர் கால்நடையாகவும் சைக்கிளிலும் சென்றனர். அந்நெரிசலில் உழவு இயந்திரங்களுடன் பழைய கார்களும் நகர்ந்தன. நடக்கமுடியாத முதியோரும் நோயாளரும் குழந்தைகளும் அவற்றில் இருந்தனர்.

மீண்டும் குளிர்நாட்டில்

1983இன் பின் நாட்டைவிட்டு நீங்கிய பல்லாயிரவர் கனடா, நோர்வே, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, பிரித்தானியா முதலிய குளிர்நாடுகளிற் குடியேறினர். தொழிற்சாலையிலும் உணவகத்திலும் வேலைசெய்து, பஸ் ஓடாத அதிகாலையில் வீடு திரும்பவேண்டிய புதுக் குடியேறிக்குக் கார் ஆடம்பரமன்று. அவன் முதலில் வாங்கக்கூடியது பழைய சிறுகாரே. ரொறன்ரோவில் அது பெரும்பாலும் ஹொண்டா சிவிக் அல்லது ரொயோற்றா கொறொல்லா போன்ற யப்பானிய வண்டி. குளிர்நாட்டுக்கெனப் பிறந்த கார் வெப்பநாட்டுக்கு வந்த கதை, வெப்பநாட்டு மனிதன் குளிர்நாட்டுக் காரைத் தேடும் கதையாகத் திரும்பியது.

கார் வாங்கும் அறிவும் அவனுடன் சென்றது. ஆனால் அது திருத்தம் வேண்டிற்று. யாழ்ப்பாணத்தில் மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்த்தவன், அங்கு நிலத்திற் படுத்து வண்டியின் அடியைப் பார்க்கப் பழகவேண்டும். பனியை உருக்கத் தெருவில் இடும் உப்பு, தரைத்தகட்டையும் பிறேக் குழாயையும் அரித்துவிடும். எஞ்சின் எத்துணை நன்றாயினும் துளைபட்ட அடித்தளத்துக்கு மருந்தில்லை. பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் மின்கலத்தின் வலு ஏறத்தாழ அரைவாசியாகவோ அதனினும் குறைவாகவோ சுருங்கும். ஆகவே அதன் வயது கேட்டறியப்படும். கனடாவின் நடு மாகாணங்களில் எஞ்சினை இரவு முழுதும் இளஞ்சூட்டில் வைக்கும் மின்சூடாக்கி தேவை. வட டக்கோட்டாவைச் சேர்ந்த அன்ட்ரூ ஃபிறீமன் 1949இல் காப்புரிமை பெற்ற கருவி அது. யாழ்ப்பாணத்தில் பயனற்றதெனக் கருதப்பட்ட வெப்பமூட்டி இங்கே உயிர்காப்பது. அதனாலேயே கண்ணாடியிற் படியும் பனி அகலும். கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் தனியார் ஒருவர் பழைய காரை விற்கும்போது அதன் பதிவு வரலாறு அடங்கிய ஆவணத் தொகுதியை வாங்குபவருக்குக் கொடுக்கவேண்டும். பதிவுப் புத்தகத்தில் உடைமையாளர் பெயர்களை எண்ணிப் பழகிய கண்ணுக்கு அவ்வாவணம் அந்நியமானதன்று.

இவ்விரு இடங்களையும் ஒப்பிடுமிடத்து ஒன்று புலப்படும். பழைய கார் வாங்குபவன் உண்மையில் வாங்குவது இரும்பை மட்டுமன்று. நாளைக் காலை அது இயங்கும் என்ற நம்பிக்கையை வாங்குகிறான். அந்நம்பிக்கைக்குப் பகை எது என்பதை இடமும் காலமுமே தீர்மானிக்கின்றன. ரொறன்ரோவில் அது உறைபனி. முற்றுகைக்கால யாழ்ப்பாணத்தில் அது தடைப்பட்ட பெற்றோல். முன்னையதை இயற்கை இட்டது. பின்னையதை மனிதர் இட்டனர்.

முடிவுரை

2002 ஏப்பிரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டதும், 2006 ஓகஸ்ற்றில் அது மீண்டும் மூடப்பட்டு 2009இன் பின் நிலையாகத் திறந்ததும் குடாநாட்டின் வாகனச் சந்தையை மாற்றின. யப்பானிய, இந்திய வாகனங்கள் பெருகின. 2014 ஒக்ரோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. பழைய பிரித்தானியக் கார்களை நாடித் தென்னிலங்கைச் சேகரிப்பாளர் வந்தனர். வேலைக்காரனாக இருந்த வண்டி காட்சிப் பொருளாயிற்று. ஆயினும் பற்றாக்குறையின் வரலாறு அத்துடன் முடிந்துவிடவில்லை. 2020இல் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாடு முழுவதும் பழைய காரின் விலை ஏறியது. 2022இல் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தவரின் சிக்கனமென்று நகைக்கப்பட்டதை அப்போது நாடு முழுவதும் கைக்கொண்டது. நிலைமைகள் ஒத்தபோது நடத்தையும் ஒத்தது. இயல்பென்று கூறப்பட்டது நிலைமையின் விளைவே என்பதற்கு இதுவே தக்க சான்று.

இவ்வரலாற்றின் மூலங்கள் விரைந்து அழிந்துகொண்டிருக்கின்றன. மடிப்புக் கிழிந்த பதிவுப் புத்தகங்கள், கராஜ்களின் கணக்குக் கொப்பிகள், மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டிய சாரதிகளினதும் அதனைச் செப்பனிட்ட மெக்கானிக்குகளினதும் நினைவுகள் என்பன எந்த நூலகத்திலும் முறையாகத் தொகுக்கப்படாதவை. அவர்களிற் பலர் முதுமையடைந்துவிட்டனர். மன்னரின் மெய்க்கீர்த்தியைக் கல்லிற் படித்தறியும் வரலாற்றுத்துறை, ஒரு பதிவுப் புத்தகத்தின் ஏழு கையொப்பங்களில் எழுபதாண்டு வாழ்வையும் படித்தறிதல் வேண்டும். பலாலி வீதியோரத்தில், அக்கார்கள் ஓடிய தெருவின் அருகிலேயே அமைந்துள்ள பல்கலைக்கழகத்துக்கு அப்பணி தொலைவிலுள்ள ஒன்றன்று.